எட்டு வயதுக் குரல்மேல் ஒரு வழக்கு

தேரிப்புதூர் முன்சீப் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் வேலை பார்த்துவந்த சுகிர்தம், ஐம்பத்திரண்டு வயது நடக்கையில், ஒரு திங்கட்கிழமை காலை வராந்தாத் தூணருகே நின்று ‘ஆறுமுகக்கனி மகன் பலவேசம்’ என்று கூப்பிட வாயைத் திறந்தபோது அவளுடைய குரல் வரவில்லை, எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் குரல் வந்தது. கோர்ட் வழக்கப்படி மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்பதால் மூன்று தடவையும் அந்தக் குரலிலேயே கூப்பிட்டாள். கிணற்றுத் தகராறு ஒன்றில் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி, யார் கூப்பிட்டாலும் வாகைமரத்தடியை விட்டு அசையாதவர் என்று பெயரெடுத்திருந்த பலவேசம், பேத்திதான் தேடிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்துப் பாதிப் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார், வந்த வேகத்தில் கூண்டில் ஏறினார், ஏறியபின் இறங்குவதற்கு ஒரு காரணமும் தோன்றாததால் அன்றைக்கே சாட்சி சொல்லி முடித்தார்.

அதற்கு முன்பு சுகிர்தத்துக்கு இருந்தது வெண்கல அண்டாவுக்குள் செங்கல்லை உருட்டியது போன்ற குரல். அதே கோர்ட்டில் டவாலியாக இருந்த அவள் புருஷன் டேனியல் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் அவளுக்குக் கிடைத்த வேலை அது. டேனியல் கூப்பிட்டால் சத்தம் வராந்தாவோடு நின்றுவிடும். சுகிர்தம் கூப்பிட்டால் கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும் வேற்றூர்க்காரர்கள்கூட, தன் பெயராக இருந்துவிடுமோ என்று எழுந்து நிற்பார்கள்.

புதிய குரல் எங்கிருந்து வந்தது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருக்கவில்லை, ஏனென்றால் பலபேர் அதைக் காதால் கேட்டிருந்தார்கள். கோர்ட்டுக்கு எதிரே சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த மைதீன், மூடிப்போன மிஷன் பள்ளிக்கூடத்தின் சாமான் அறையை நிர்வாகத்தினர் காலிசெய்து விற்றபோது பழைய இரும்பு வியாபாரியிடமிருந்து ஒரு ஆல்பத்தை வாங்கி வைத்திருந்தார். கெட்டி அட்டையில் புத்தகம்போல விரியும் ஆல்பம். பெயர் ‘சின்னவாய்ப் பாட்டுகள்’. ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம், கடைசி அட்டையின் உறைக்குள் ஒரு கிராமபோன் ரெக்கார்டு. அன்றைக்குக் காலையில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகவேண்டிய குழாய் ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்ப்பதற்காக அதை மைதீன் ஓடவிட்டார். ஒரு சின்னப் பெண் தவளை மாமாவைப் பற்றிப் பாடினாள், தெருவே கேட்டது, மூன்றாவது அடியின் நடுவில் குரல் மட்டும் நின்றுபோய் ஆர்மோனியம் தனியாக வாசித்துக்கொண்டே போனது, அதே நொடியில்தான் எதிரே வராந்தாவில் சுகிர்தம் வாயைத் திறந்தாள். மைதீன் முள்ளைத் துடைத்தார், ரெக்கார்டைத் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கத்திலும் ஆர்மோனியம் மட்டுமே இருந்தது.

‘குரல் இறங்கிப் போயிட்டு’ என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்.

டீக்கடைக்காரர் பாலை ஆற்றியபடி, ‘எந்த ஸ்டாப்புல?’ என்று கேட்டார்.

‘கோர்ட்டுல.’

‘அப்ப வெளிய வர நாளாகும்’ என்றார் டீக்கடைக்காரர்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. முதல் வாரம் ஆட்கள் சுகிர்தத்தோடு பேசும்போது அவளுக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள், அடுத்த வாரம் அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் குனிந்து பேச ஆரம்பித்தார்கள். சர்ச்சில் பாடகர் குழுவினர் அவளை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் வரிசைக்கு மாற்றினார்கள். அவள் முழங்கால் வலியோடு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் இரண்டு பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று போன் செய்தபோது எதிர்முனையிலிருந்த பெண், ‘பாப்பா, போனை அம்மாகிட்ட குடு’ என்றாள். ‘அம்மா செத்துப்போயிட்டாங்க’ என்றாள் சுகிர்தம், உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதால். அந்தப் பெண் அழுதுவிட்டாள், சிலிண்டர் சாயந்தரமே வந்தது. சாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஜெபக்கனி, முதல்முறை போனில் அந்தக் குரலைக் கேட்டு ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். பிறகு நாளும் கூப்பிட்டாள்.

‘அம்மா, நீ பேசுதது கேட்டா ஒன்ன இடுப்புல தூக்கி வச்சுக்கிடணும்போல இருக்கு.’

‘நீ தூக்கிருவியா? என் எடை தெரியுமா ஒனக்கு?’

‘அதான் போனுலயே வச்சுக்கிடுதேன்.’

‘இன்னைக்கு முருங்கைக்காய் விக்கிறவ, என்ன வேணும் தங்கம்னு கேட்டா. என்ன அப்படி யாரும் கேட்டு எவ்வளவு காலமாச்சு தெரியுமா’ என்றாள் சுகிர்தம். இந்தக் குரல் போய்விட வேண்டும் என்று ஜெபம் செய்வதை அவள் அந்த வாரத்தோடு நிறுத்தியிருந்தாள் என்பதை மகளிடம் சொல்லவில்லை.

கோர்ட்டில் நடந்ததுதான் வேறு மாதிரி. பெயர் கூப்பிட்டதும் ஆட்கள் வந்துவிட்டார்கள். சம்மன் வாங்காமல் ஊர் ஊராகத் திரிந்தவர்களும், கூப்பிடும் நேரம் பார்த்துச் சாப்பிடப் போகிறவர்களும், விளையாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் ஓடுகிற பிள்ளைகளைப்போலச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். பனங்காட்டுப் பங்குத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டுபேர் பெயர்களை அவள் அடுத்தடுத்துக் கூப்பிட்டபோது, இருவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரே பக்கத்தில் நின்றுவிட்டார்கள், யார் வாதி யார் பிரதிவாதி என்று குமாஸ்தா கேட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. வழக்குகள் முடிந்துகொண்டே வந்தன. வக்கீல்கள் மத்தியானத்திலேயே வீட்டுக்குப் போனார்கள், வீட்டில் அவர்களை எதிர்பார்க்காததால் சாப்பாடு இருக்கவில்லை.

வக்கீல் குற்றாலிங்கம்தான் முதலில் எழுந்தார். அவருடைய கட்சிக்காரர் ஒருவர் காது மந்தமானவர். குரல் கேட்காமல் வெளியிலேயே உட்கார்ந்திருந்து, வராததால் எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பாகிவிட்டது.

‘கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரரைக் கூப்பிட்டது ஒரு சின்னப் பிள்ளை. மைனர் கூப்பிட்டால் அது சட்டப்படி கூப்பிட்டதாகாது.’

முன்சீப் இளம்பரிதி விழுப்புரத்துப் பக்கத்து இளைஞர், முதல் போஸ்டிங். அவர் தலையை நிமிர்த்தி, ‘கூப்பிட்டது சுகிர்தம்தானே? அவங்களுக்கு ஐம்பத்திரண்டு வயசு ஆகுது’ என்றார்.

‘வாய்க்கு ஐம்பத்திரண்டு ஐயா. குரலுக்கு எட்டு.’

முன்சீப் அதை எழுதிக்கொண்டார். ஒருநாள் முழுக்கச் சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குரல் மைனர்தான் என்றும், மைனர் என்றால் அதற்கு ஒரு காப்பாளர் வேண்டும் என்றும், இந்தக் குரலின்மேல் உரிமையோ பாத்தியதையோ உள்ளவர்கள் யாரிருந்தாலும் நேரில் வந்து சொல்லலாம் என்றும் உத்தரவு போட்டார். உத்தரவு கோர்ட் சுவரில் ஒட்டப்பட்டது. அதைப் பார்த்துத்தான் பேபி டீச்சர் வந்தாள்.

பேபி டீச்சர் என்று ஊர் முழுக்கக் கூப்பிட்ட லில்லிபுஷ்பத்துக்கும் வயது ஐம்பத்திரண்டுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளும் சுகிர்தமும் ஒரே வகுப்பு. அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் வந்து பள்ளிக்கூடத்து ஜெப அறையில் மைக்கை நட்டு எடுத்ததுதான் ‘சின்னவாய்ப் பாட்டுகள்’. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ‘பாடியவர்: பேபி லில்லி’ என்று அச்சடித்திருந்தது. குடை பிடித்த தவளை, ஆடு இழுக்கிற ரயில், நிலாவுக்கு ஏணி வைக்கிற அணில் என்று எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரு மூலையில் ரிப்பன் வைத்து ரெட்டைச் சடை போட்ட அவளுடைய படம் இருந்தது. அந்த ஒரு ரெக்கார்டை வைத்துத்தான் அவள் வளர்ந்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் மாலை போட்டார்கள், பாட்டு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் ‘பாடின வாயில்லா இது’ என்று கேட்டுவிட்டுப் போனார்கள், எதுவும் கூடி வரவில்லை, அவள் தனியாகவே இருந்து ஊரின் பாதிப் பிள்ளைகளுக்குத் தவளை மாமாவைச் சொல்லிக்கொடுத்தாள்.

‘என் குரல் என்னத் தேடித்தான் வந்துருக்கு ஐயா’ என்றாள் முன்சீப்பிடம். குரலில் நடுக்கம் இருந்தது, பேச்சில் இல்லை. ‘எங்க வீடு கோர்ட்டுக்கு அடுத்த தெரு. வார வழியில இவ வாயத் தொறந்து நின்னுருக்கா. உள்ள போயிட்டு. அவ மேல தப்பு சொல்லல. திருப்பிக் குடுத்தாப் போதும்.’

இது நியாயமாகத்தான் பட்டது. டீக்கடையில் இருந்தவர்கள், கொசுகூட அப்படிப் போவதுண்டு என்றார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பேபி டீச்சரிடம் பாட்டுப் படித்தவர்கள் ஒரு பக்கம், சுகிர்தம் கூப்பிட்டு வழக்கு முடிந்தவர்கள் ஒரு பக்கம். இரண்டும் ஆனவர்கள் வெளியூருக்குப் போய்விட்டு வந்தார்கள்.

லில்லி வாதி, சுகிர்தம் பிரதிவாதி. குற்றாலிங்கம் லில்லிக்கு ஆஜரானார். தன் கோர்ட்டில் வேலை பார்க்கிறவளின் வழக்கைத் தானே விசாரிக்கலாமா என்று முன்சீப் தயங்கியபோது இரு தரப்பும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை நாளில் வராந்தாத் தூணருகே நின்று சுகிர்தம், ‘டேனியல் மனைவி சுகிர்தம்’ என்று மூன்று தடவை கூப்பிட்டாள், மூன்றாவது தடவை கொஞ்சம் கண்டிப்பாகவே கூப்பிட்டாள், பிறகு டவாலிப் பட்டையைக் கழற்றி மடித்து பெஞ்சின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய் நின்றாள்.

ஆல்பம் சான்றாகத் தாக்கலானது. முன்சீப் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி எல்லாப் பாட்டையும் வாசித்துப் பார்த்தார், எல்லாரும் காத்திருந்தார்கள், பின்வரிசையிலிருந்து யாரோ ‘படத்தக் கொஞ்சம் இந்தப் பக்கமும் காட்டுங்கய்யா’ என்றார்கள், அவரும் காட்டினார். ரெக்கார்டுக்கு ஆர்மோனியம் வாசித்த தங்கையா வாத்தியாரைப் பக்கத்து ஊரிலிருந்து வேனில் கூட்டி வந்தார்கள். அவரால் எழுந்து நிற்க முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்தே சாட்சி சொன்னார்.

‘ரெண்டு பிள்ளையள நிக்க வச்சாங்க. ஒண்ணுக்கு இருமலு. எதுக்கு இருமலுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நான் கட்டையப் பாத்து வாசிச்சேன், மொகத்தப் பாக்கல.’

அதற்குமேல் சாட்சி இல்லை. இம்மாதிரி வழக்குகளில் பிள்ளையையே கேட்டுவிடுவது உண்டு என்று முன்சீப் சொன்னார். சொல்லிவிட்டுச் சுகிர்தத்தின் முகத்தைப் பார்க்காமல் தொண்டையைப் பார்த்து, ‘பாப்பா, நீ யாரோட இருக்க?’ என்று கேட்டார்.

‘ஆட்சேபிக்கிறேன்’ என்று குற்றாலிங்கம் எழுந்தார். ‘பதில் பிரதிவாதி வாயிலிருந்துதான் வரும்.’

‘அப்ப பேச வேண்டாம். பாடட்டும்’ என்றார் முன்சீப்.

மைதீன் பெட்டியைத் தூக்கி வந்து ரெக்கார்டைப் போட்டார். குரல் இல்லாத ஆர்மோனியம் கோர்ட் முழுக்க நிரம்பியது. தங்கையா வாத்தியாரின் விரல்கள் நாற்காலிக் கையில் தானாக அசைந்தன. சுகிர்தம் வாயைத் திறந்தாள். குரல் வந்தது, ராகத்தோடும் வந்தது, சொல் மட்டும் வரவில்லை. ‘எனக்குப் பாட்டு தெரியாதுய்யா. மறந்துட்டு’ என்றாள். முன்சீப் திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னார். திரும்பவும் குரல் வெறுமனே அலைந்தது, படி தெரியாமல் கால் துழாவுகிற பிள்ளையைப்போல ஏறப் பார்த்து நின்றது. வாதி பக்கத்தில் நின்ற லில்லி அதைப் பொறுக்கமாட்டாமல், தான் யார் பக்கம் நிற்கிறோம் என்பதையும் யோசிக்காமல், வகுப்பில் பின்வாங்குகிற பிள்ளைக்குச் சொல்வதுபோல அடியை எடுத்துக் கொடுத்தாள்.

‘தவளை மாமா தவளை மாமா தாவிப் போறீங்களா...’

குரல் அதைப் பிடித்துக்கொண்டு பாடியது.

‘தாழம்புதரு ஓரத்திலே தண்ணி பார்த்தீங்களா...’

அதையும் பாடியது.

‘குடையெடுத்து வந்தீங்களே மழையைக் காணலையே...’

அந்த அடியின் முடிவில் ரெக்கார்டில் ஒரு சின்னச் சிரிப்பு உண்டு. பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்து லில்லி அதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, ஊரில் யார் பாடினாலும் அந்த இடத்தில் சிரித்தார்கள். இப்போது சிரி என்று அவள் சொல்வதற்கு முன்பே சுகிர்தம் சிரித்தாள். சிரித்துவிட்டு, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல நின்றாள்.

‘ஏன் சிரிச்சீங்க?’ என்றார் முன்சீப்.

‘பல்லி, ஐயா.’

‘என்ன பல்லி?’

‘கூரையில இருந்து வாத்தியார் தோள்மேல விழுந்துச்சு. அவுக வாசிச்சிக்கிட்டே தோளக் குலுக்குனாவ. பல்லி கழுத்துப் பக்கமா ஏறுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நிறுத்திருவாங்களோன்னு பயந்துக்கிட்டே பாடுனேன்.’

தங்கையா வாத்தியார் நாற்காலியிலிருந்து, ‘ஆமா, பல்லி. ஒரு கையில துருத்தி, ஒரு கையில கட்டை. தட்டிவிட எனக்குக் கை ஏது?’ என்றார்.

எல்லாரும் லில்லியைப் பார்த்தார்கள். அவள் பல்லியைத் தேடுகிறவளைப்போலக் கோர்ட்டின் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

‘எனக்குப் பல்லி தெரியாது’ என்றாள். பிறகு யாரிடமும் சொல்வதாக இல்லாமல் சொன்னாள். ‘நான் வெளிய வேப்பமரத்தடியில இருந்தேன். இருமலு நிக்கட்டும்னு வாயில பனங்கற்கண்டப் போட்டு உக்கார வச்சாங்க. உள்ள இருந்து பாட்டு கேட்டுச்சு. நான் நல்லாப் பாடுதேன்னு நெனச்சேன்.’

குற்றாலிங்கம் உட்கார்ந்துவிட்டார். ஆர்மோனியம் மட்டும் தன்பாட்டில் அடுத்த பாட்டுக்குப் போய், இரண்டு வரி வாசித்து, மூன்றாவது வரியையும் ஆளில்லாமல் வாசித்தது. லில்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ‘ஆட்டு ரயிலு, சுகிர்தம். கொஞ்சம் மேல எடு’ என்று அடியைச் சொன்னாள். சுகிர்தம் பாடினாள். இப்படி ஒருத்தி சொல்ல ஒருத்தி பாட முன்பக்கம் முடிந்தது, மைதீன் திருப்பிப் போட்டார், பின்பக்கமும் முடிந்தது. அன்றைக்குக் கோர்ட்டில் வேறு வழக்கு நடக்கவில்லை என்று ஒருவரும் புகார் சொல்லவில்லை.

வழக்கைத் திரும்பப் பெறுவதாக லில்லி சொன்னதை முன்சீப் ஏற்கவில்லை. மைனரின் நலன் சம்பந்தப்பட்ட காரியத்தை நினைத்தபோது தொடுத்து நினைத்தபோது விட முடியாது என்றார். குரல் சுகிர்தத்திடம் பிறந்தது, சுகிர்தத்திடமே இருக்கும். ஆனால் பாட்டுகளை இத்தனை காலம் சோறூட்டி வளர்த்தது லில்லி. பாட்டில்லாமல் அந்தக் குரலுக்கு வளர்ச்சி இல்லை. ஆகவே லில்லியே காப்பாளர். ஞாயிற்றுக்கிழமைதோறும் குரல் லில்லியின் வீட்டுக்குப் போய்வர வேண்டும். இவ்வளவோடு அவர் நிறுத்தியிருக்கலாம். எட்டு வயதுக் குரலைச் சர்க்கார் ஆபீசில் வேலைக்கு வைத்திருப்பது குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குற்றம் என்று குற்றாலிங்கம் கடைசியாக ஒரு மனு போட்டார், அதையும் முன்சீப் ஏற்க வேண்டியதாயிற்று. சுகிர்தம் பழைய வழக்குக் கட்டுகளைத் தூசி தட்டும் அறைக்கு மாற்றப்பட்டாள். அவள் இடத்துக்கு வந்த கோயில்பிச்சையின் சத்தம் வராந்தாப் படியை இறங்கவில்லை. வாய்தாக்கள் பழையபடி தழைத்தன, வக்கீல்கள் சாயந்தரத்தில் வீடு திரும்பினார்கள்.

லில்லி அன்றைக்கே ‘பேபி லில்லி இசை வகுப்பு’ என்ற போர்டைக் கழற்றி உள்ளே வைத்தாள். மறுநாள் பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த தகப்பன்மார் அதைத் தேடி எடுத்துத் திரும்பவும் மாட்டினார்கள். ‘பேரு இருக்கட்டும் டீச்சர். வேற எப்படிக் கூப்பிட எங்களுக்குத் தெரியாது’ என்றார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை சுகிர்தம் வந்து கதவைத் தட்டி, ‘டீச்சர், டீச்சர்’ என்று கூப்பிட்டபோது கதவைத் திறக்கவும் இல்லை. அக்கம்பக்கத்தார் ஜன்னலைத் திறந்து, ‘பச்சப்பிள்ளைய வெயில்ல நிக்க வைக்காதீங்க டீச்சர்’ என்று சத்தம் போட்டபின்தான் தாழ்ப்பாள் விலகியது.

‘ஒனக்கு எம்மேல கோவம் இல்லையா?’ என்று கேட்டாள் லில்லி.

‘எதுக்குக் கோவம்? நான் மறந்தேபோனேன். நீங்கதான மறக்காம வச்சிருந்தீங்க.’

‘மாலையெல்லாம் நான் வாங்கிக்கிட்டேன்.’

‘எனக்கு எதுக்கு மாலை’ என்றாள் சுகிர்தம். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘பசிக்கி’ என்றாள். அந்தக் குரலில் அப்படிக் கேட்டால் எந்தப் பெண்ணாலும் நின்றுகொண்டிருக்க முடியாது. லில்லி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அப்படியே ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ரெக்கார்டில் இருந்தவரை எட்டு வயதிலேயே நின்றிருந்த குரல், வெளியே வந்தபின் மற்றப் பிள்ளைகளைப்போல வளர்ந்தது. ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. லில்லி புதிது புதிதாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், வருடத்துக்கு ஒருமுறை கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் என்ற முறையில் ‘குரல் நலம், மேல்ஸ்தாயி முன்னைவிடத் தெளிவு’ என்று சொல்லிவிட்டு வந்தாள். சர்ச்சில் சுகிர்தத்தைப் பாயிலிருந்து பெஞ்சுக்கு உயர்த்தினார்கள். குரல் பன்னிரண்டை முடித்த ஞாயிற்றுக்கிழமை லில்லி கேசரி கிண்டி வைத்தாள். சுகிர்தம் சாப்பிடாமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘லில்லி டீச்சர், ஒண்ணு சொல்லணும். பதிமூணு வயசுலதான் எனக்கு டைபாய்டு வந்துச்சு. எந்திரிச்சு ஒக்காந்து தண்ணி கேட்டேன், எங்கம்மா பயந்து திரும்பிப் பாத்தா. அண்டாச் சத்தம். அதோட பள்ளிக்கூடத்துல வாயத் தொறக்கவேயில்ல. பாட்டெல்லாம் அப்பதான் போச்சு.’

‘அது அப்ப’ என்றாள் லில்லி.

‘இந்தக் கொரலுக்கும் அந்த வயசு வருதுல்லா?’

அந்த வருடம் முழுக்க லில்லி அவளை விடவில்லை. தன் வீட்டிலேயே தங்க வைத்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள், ஐஸைக் கண்ணில் காட்டவில்லை, வெயிலில் துண்டும் பனியில் மப்ளரும் கட்டிவிட்டாள். ஊரும் தன் பங்குக்குச் செய்தது. சுகிர்தம் சத்தம் கூட்டிப் பேச வேண்டியிருக்கக் கூடாது என்று மைதீன் குழாய்களை ரோட்டின் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார். சர்ச்சில் ஜெபம் நடந்தது, அம்மன் கோயிலில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் அர்ச்சனை செய்தார், கோர்ட்டில் அவள் கேட்காமலே கட்டுகளை எடுத்துக் கொடுத்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது இவ்வளவையும் தாண்டி அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் லில்லி கட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். சாத்தூரிலிருந்து ஜெபக்கனி வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, பிறகு ஒரேயடியாக விட்டது. டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆனால் சுகிர்தம் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் கையைக் குவித்துக் காட்டினாள், போதும் என்றால் தலையை ஆட்டினாள். பேசச் சொல்லி ஜெபக்கனி கெஞ்சியபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது, பார்க்கவும் தைரியமில்லை என்பதை லில்லி புரிந்துகொண்டு, ‘விடும்மா, இருக்கட்டும்’ என்று ஜெபக்கனியைச் சாத்தூருக்கு அனுப்பிவைத்தாள். வீட்டுக்குக் கூட்டி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள், வகுப்புப் பிள்ளைகளை மெல்லமாகப் பாடச் சொன்னாள், சுகிர்தம் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மழை நின்றது. பேச்சு வரவில்லை. ஊரும் கேட்பதை நிறுத்திக்கொண்டது.

மார்கழியில் ஒரு காலை, வகுப்பு இல்லாத நாள், லில்லி அடுக்களையில் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேபி என்றோ டீச்சர் என்றோ ஒட்டு எதுவும் இல்லாமல், ‘லில்லி’ என்று. நல்ல குரல். கீழே கனமும் மேலே வெளிச்சமுமாக, பாடத் தெரிந்த ஒரு பெண்பிள்ளையின் குரல். இந்த ஊரில் பாடுகிற எல்லார் குரலும் லில்லிக்குத் தெரியும், இதை அவள் கேட்டதே இல்லை. வெளியூரிலிருந்து யாரோ பாட்டுக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே போய் வாசல் கதவைத் திறந்தாள். தெருவில் யாருமில்லை. பால்காரர் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

‘யாரும்மா கூப்பிட்டது?’ என்று அவள் தெருவைப் பார்த்துக் கேட்டாள்.

‘நான்தாம்ட்டி’ என்று முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.